அந்தத் துடியலூருக்கும் அந்தச் சோமனூருக்கும் நடுவில்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த நேரம் பார்த்து நீ போன் செய்தாய். கோயமுத்தூரிலேயே ஒரு பம்ப் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும் என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய், "அப்பறம் என்ன கண்ணு, வாரேன்னு சொல்லிப்போடு" என்றேன். அதற்கு நீ, "நான் வந்துட்டா கல்லறைத் திருநாளுக்கு ரெஜினாகிட்ட யாருங்கப்பா போவாங்க?" என்று கேட்டாய். "இரு, உங்கம்மா பேசோணுமாம்" என்று பொய் சொல்லி, மீன் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக்கையில் போனைத் திணித்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். கஷ்டமான கேள்வி வந்தால் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு நழுவுகிற பழக்கம் உன் அப்பனுக்கு இந்த வயதிலும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யார் கையிலும் கொடுத்துவிட்டு ஓட முடியாது.

நீ முதலில் ஆஸ்திரேலியா போனபோது உன் சுரங்க ஊரின் பெயரைச் சொல்ல நானும் உன் அம்மாவும் எத்தனை தடவை முயன்றோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நாக்கு சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். பிறகு ரெஜினாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்த ஊரின் பெயர் அதைவிட மோசம். கடைசியில் உன் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். நீ துடியலூர்ப் பையன், அதனால் உன் ஊர் 'அந்தத் துடியலூர்'. ரெஜினா சோமனூர்ப் பெண், அதனால் அவள் ஊர் 'அந்தச் சோமனூர்'. "அந்தத் துடியலூர்ல மழையாமா, அந்தச் சோமனூர்ல வெயிலாமா" என்று வீட்டுக்குள் பேசிப் பேசி, அந்த இரண்டு ஊரும் ஏதோ மேட்டுப்பாளையம் ரோட்டில் இருப்பதுபோல எங்களுக்கு ஆகிவிட்டது. பெயர் பழகினதும் தூரமும் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

கோவிலில் உங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்து அறிவித்த வாரத்தில்தான் அவளுக்கு அந்த வேலை உறுதியானது. நீ இருக்கிற ஊரில் இடம் இல்லை, இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டால் பிறகு எங்கே வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம் என்று நீங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டீர்கள். ஆனால் அவள் அம்மா தயங்கினார்கள். புருஷனை இழந்து, நாலு தறியை வைத்துக்கொண்டு ஒற்றைப் பெண்ணை வளர்த்தவர்கள். "கட்டிக் குடுத்தும் தனியாத்தான் இருக்கோணும்னா எதுக்குங்கண்ணா கல்யாணம்?" என்று என்னைக் கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே போனை எடுத்து, நீ அனுப்பியிருந்த ஊர்ப் பெயர்களை எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டினேன். ஒரு பக்கம் வந்தது. இந்த விமான நிலையத்துக்கும் அந்த விமான நிலையத்துக்கும் இத்தனை கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒரு மணி ஐந்து நிமிடம் என்று போட்டு, படத்தில் இரண்டு ஊரையும் சேர்த்து ஒரு கோடும் இழுத்திருந்தார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே. சோமனூர் போய் அதைச் சம்பந்தியம்மாவிடம் காட்டினேன். "ஒரு மணி நேரமுங்க. நான் துடியலூர்ல பஸ் ஏறி உங்க ஊட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள உங்க மாப்பிள்ளை அங்க போயி காப்பியே குடிச்சிருப்பாரு" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் கல்யாணம் நடந்தது.

நான் யார்? முப்பது வருடம் பல்லடத்துக் குஞ்சுப் பண்ணையிலிருந்து கோழிக்குஞ்சு ஏற்றிப் போன வண்டிக்காரன். பொரித்த அன்றே டப்பாவில் அடைத்து ஏற்றிய குஞ்சுகளை உயிரோடு கொண்டுபோய் இறக்க வேண்டும். ஊர் எவ்வளவு தூரம் என்று குஞ்சுக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் காற்றில்லாமல் நின்றோம் என்பதுதான் அதற்குத் தெரியும். ஒருமுறை தாராபுரம் ரோட்டில் தேர் போகிறது என்று வண்டியை நிறுத்திவைத்துவிட்டார்கள். பக்கத்தில்தான் பண்ணை, நடந்தே போய்விடலாம். வெயிலில் நின்ற வண்டிக்குள் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததை நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு யார் தூரம் கேட்டாலும் வழியில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் விசாரிப்பேன். அப்படிப்பட்டவன், சொந்த மருமகள் விஷயத்தில் வழியில் என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லை. போனில் ஒரு கோடு தெரிந்தது, போதும் என்று இருந்துவிட்டேன்.

ரெஜினாதான் எனக்கு விளக்கினாள். அங்கே போய்ச் சேர்ந்த சில வாரத்தில், நான் போனில், "என்ன அம்மணி, இந்த வாரம் அவன் வந்துட்டுப் போனானா, ஒரு மணி நேரந்தானே?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "மாமா, அது கோடு போட்டு அளந்த கணக்குங்க. அந்தக் கோட்டு மேல ஒரு பிளைட்டும் போகாதுங்க" என்றாள். அவள் ஊரிலிருந்து கடலோரப் பெரிய நகரத்துக்கு ஒரு சின்ன விமானம், அங்கே ஒரு ராத்திரி தங்கல், பிறகு அங்கிருந்து உன் ஊருக்கு இன்னொரு விமானம். அதுவும் தினமும் கிடையாது. ரோட்டில் வரலாம் என்றால் பாதிக்கு மேல் மண்ரோடு, மழை வந்தால் அடைத்துவிடுவார்கள். "இதையெல்லாம் உங்கம்மாகிட்டச் சொன்னியா?" என்றேன். "சொல்லாதீங்க மாமா. ஒரு மணி நேரத்துல ஆள் இருக்குன்னு நெனச்சுட்டு நிம்மதியாத் தூங்குறாங்க. தூங்கட்டும் உடுங்க" என்றாள். நானும் விட்டுவிட்டேன். அவளே வந்து சொல்லிக்கொள்வாள், இரண்டு வருடம் ஓடிவிடும் என்று நினைத்தேன்.

நீங்கள் இருவரும் சந்தித்துக்கொண்ட விதத்தையும் அவள்தான் சொல்லுவாள். பாதி வழி நீ, பாதி வழி அவள் என்று அந்தக் கடலோர நகரத்தில் விமான நிலையத்துக்கு எதிரிலேயே ஒரு ஓட்டல். பையில் சின்னக் குக்கரை எடுத்து வந்து அறையிலேயே அரிசிம்பருப்புச் சாதம் வைப்பாளாம். ஒருநாள் கடுகும் வரமிளகாயும் தாளித்த புகைக்குத் தீ மணி அடித்து, ஓட்டல் முழுவதும் ரோட்டுக்கு வந்து நிற்க, நீ லுங்கியோடு நின்றாயாம். தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள் குக்கரைத் திறந்து பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டு ஆளுக்கு ஒரு கரண்டி சாப்பிட்டுப் போனார்களாம். அவள் இதைச் சொல்லும்போது உன் அம்மா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். இப்போது நம் வீட்டில் கடுகு தாளிக்கிற சத்தம் கேட்டால் உன் அம்மா ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிடுகிறாள். நான் ஏன் என்று கேட்பதில்லை.

அந்த நாளைப் பற்றி நாம் இருவரும் இதுவரை பேசியதில்லை. பேச நீயும் விடவில்லை, எனக்கும் தைரியம் இல்லை. காலையில் வேலையில் இருக்கும்போதே ரெஜினா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம், மூளைக்குள் ரத்தக்கசிவு என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விமானம் கேட்டிருக்கிறார்கள் என்று நீ எங்களுக்குச் சொன்னாய். உன் ஊரிலிருந்து அன்றைக்குப் போகிற விமானம் போய்விட்டிருந்தது. ரோட்டில் வெள்ளம். நீ காரை எடுத்துக்கொண்டு தடுப்புவரை போய், அங்கே இருந்த ஆட்களோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வந்தாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அதற்குள் சம்பந்தியம்மா ஆட்டோ பிடித்து நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "ஏனுங்கண்ணா, ஒரு மணி நேரம்னீங்களே, மாப்பிள்ளை இன்னும் ஏனுங்க போய்ச் சேரலை?" என்று கேட்டார்கள். நான் அவர்களை உட்காரச் சொன்னேன். அவர்கள் உட்காரவில்லை. நின்றபடியே நான் சொல்லி முடித்தேன். கோடு என்றேன், மண்ரோடு என்றேன், வெள்ளம் என்றேன். அவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். உன் அம்மா வந்து அவர்களைக் கட்டிக்கொண்டபோதுதான் அழுதார்கள். நீ அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள் பொழுது சாயும்போது. அவள் உனக்காகக் காத்திருக்கவில்லை.

அங்கேயே அடக்கம் செய்யலாம் என்று நீ சொன்னது சரி என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஊருக்குக் கொண்டுவர எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நம் வீட்டில் சம்பந்தியம்மாவோடு உட்கார்ந்து போனில் பார்த்தோம். சாமியார் இங்கிலீஷில் ஜெபம் சொன்னார், அவளோடு வேலை செய்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் அழுதார்கள், படம் நின்று நின்று வந்தது. சம்பந்தியம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். "பிள்ளைக்குத் தலை சீவி உட்டிருக்காங்களான்னு மாப்பிள்ளையைக் காட்டச் சொல்லுங்க." நீ காட்டினாய். யாரோ நன்றாகவே சீவியிருந்தார்கள். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

போன வருடக் கல்லறைத் திருநாளுக்கு எங்களை நீ அழைத்தாயே, அந்தப் பயணத்தில்தான் கண்ணு எனக்குப் பல விஷயம் உறைத்தது. உன் அம்மா எனக்குத் தெரியாமல் பூ மார்க்கெட்டில் செவ்வந்தி வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, பெட்டியின் அடியில் வைத்திருக்கிறாள். ஆஸ்திரேலியாவில் இறங்கியதும் ஒரு பெண் அதிகாரி பெட்டியைத் திறந்து எடுத்துவிட்டார். பூ, விதை ஒன்றும் உள்ளே விடமாட்டார்களாம். உன் அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே, "என்ற மருமவளுக்குங்க அம்மணி, கல்லறைக்குங்க" என்றாள். அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, பூவைத் தூக்கிப் போடாமல், இரண்டு கையாலும் எடுத்துக் குப்பைத் தொட்டிக்குள் வைத்தார். சட்டப்படி செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கிருந்து உன் ஊர், உன் ஊரிலிருந்து கடலோர நகரம், ஒரு ராத்திரி, மறுபடி ஒரு சின்ன விமானம். அந்த விமானத்தில் நம்மோடு ஏறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உன் அம்மா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். வீடு இல்லை, தோட்டம் இல்லை, சிவப்பு மண்ணாகவே போய்க்கொண்டிருந்தது. "இந்த வழியெல்லாம் இவ ஒத்தையில வந்து போயிருக்காளாங்க?" என்று என்னைக் கேட்டாள். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தச் சோமனூர் விமான நிலையம் நம் ஊர்க் கல்யாண மண்டபத்துச் சமையல்கூடம் அளவுதான் இருந்தது. கல்லறைத் தோட்டமும் அதற்குப் பக்கத்திலேயே. பூக்கடை ஊரில் கிடையாது என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். பூ இல்லாமல் ஒரு கல்லறைத் திருநாளை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது என்று நீ கண்ணாடிக் கூண்டு கொண்டுவந்திருந்தாய். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி உன் அம்மா கல்லைக் கழுவினாள், முந்தானையால் துடைத்தாள். "அம்மணி, அத்தையும் மாமனும் வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு வேலியோரம் போய் நின்றுகொண்டாள். நான் நகரவில்லை. நீ கல்லுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் அந்த மாதத்து விஷயமெல்லாம் சொன்னாய். வாஷிங் மெஷின் ரிப்பேர், பக்கத்து வீட்டுக்காரன் நாய் குட்டி போட்டது, உன் அம்மா முழங்காலுக்கு எண்ணெய் போடுவது. போனில் பேசுகிற அதே குரல். அதைக் கேட்ட பிறகுதான், அவள் போன பிறகு மூன்று வருடமாக நான் 'வந்துவிடு, வந்துவிடு' என்று உன்னை அரித்துக்கொண்டிருந்தது எவ்வளவு அறியாத பேச்சு என்று புரிந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்காததற்கு அதுதான் காரணம். நீ நான் கோபமாக இருக்கிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். கோபமில்லை.

புத்தி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் என் கை அரிக்கும், அதனால் சொல்லிவிடுகிறேன். நீ குக்கரோடு வைத்துச் சாப்பிடுகிறாய் என்று வீடியோவில் பார்த்தேன். தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடு. அவள் புடவைகளை என்ன செய்வது என்று நம் உறவுக்காரப் பெண்கள் யோசனை சொல்லுவார்கள், தலையை ஆட்டிவிட்டு உன் இஷ்டப்படி வைத்துக்கொள். இங்கே வந்தால் ஆறு மாதத்துக்குள் யாராவது பெண் பார்க்கட்டுமா என்று ஆரம்பிப்பார்கள். அதில் முதல் ஆள் உன் அம்மாவாகத்தான் இருப்பாள், அவள்மேல் எரிந்து விழாதே. வேண்டும் என்று தோன்றினால் வேண்டும் என்று சொல், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். இரண்டுக்கும் யாரிடமும் காரணம் சொல்லவேண்டியதில்லை. உன்னிடம் யாராவது எவ்வளவு தூரம் என்று கேட்டால், அவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பதில் சொல்.

என் மனசில் இருப்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு நீ வேண்டும். வண்டியை விற்றாகிவிட்டது. கண்ணில் புரை வளர்கிறது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொன்னார்கள், நீ வந்தபின் செய்துகொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே இருக்கிறேன். உன் அம்மா மாடிப்படி ஏறுவதில்லை, உன் அறையைக் கூட்டக் கூட ஆள் வைத்திருக்கிறாள். உன் சத்தம் இந்த வீட்டில் கேட்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஆசை இருக்கிறது என்பதற்காக உன்னிடம் மறுபடியும் ஒரு கோட்டைக் காட்டி ஏமாற்ற எனக்கு மனசில்லை. கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் போய்க்கொள்கிறோம் என்று எழுதிவிடலாம். எழுதப் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

நேற்று நம் சோமனூருக்குப் போனேன். இந்தக் கேள்வி உன்னுடையது மட்டுமில்லை, அவளைப் பெற்றவர்களிடம் கேட்காமல் நான் பதில் எழுதக்கூடாது என்று தோன்றியது. சம்பந்தியம்மா தறிக் கொட்டகையில் இருந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு நான் அவர்கள் வீட்டு வாசல் மிதித்தது இதுதான் முதல் தடவை. தறி ஓடுகிற இரைச்சலில் நான் சொன்னது எதுவும் அவர்களுக்குக் கேட்கவில்லை. இரண்டு தடவை கத்திப் பார்த்தேன். அவர்களே ஒவ்வொரு தறியாக நிறுத்தினார்கள். நாலும் நின்றதும் கொட்டகைக்குள் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. நீ கேட்டதை அப்படியே சொன்னேன். நீ வந்துவிட்டால் அவளிடம் யார் போவார்கள் என்று கேட்கிறாய், என்ன சொல்லட்டும் என்றேன்.

அவர்கள் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துப் போட்டார்கள். பிறகு, "மாப்பிள்ளையை வரச் சொல்லுங்கண்ணா" என்றார்கள். "அவ இருந்துக்குவா. உசுரோட இருக்கறப்பவே ஒத்தையில இருந்து பழகினவதானுங்க." அவ்வளவுதான். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். உள்ளே போய்ப் போட்டு எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி தறியை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் உன்னை மன்னித்துச் சொன்னார்களா, என்னைக் குத்திச் சொன்னார்களா, இல்லை அவர்கள் மனசில் இருந்த கணக்கை முடித்துச் சொன்னார்களா, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் உனக்கு எழுதிவிட்டேன்.

இனி நீ கேட்டதற்குப் பதில். உன் அம்மாவால் இன்னொரு தடவை அவ்வளவு தூரம் வர முடியாது. என்னாலும் முடியாது. சம்பந்தியம்மா விமானம் ஏறமாட்டார்கள். அவளோடு வேலை செய்த பிள்ளைகளும் இந்நேரம் ஊர் மாறிப் போயிருப்பார்கள். யாரும் போகமாட்டார்கள், கண்ணு. கல்லறைத் திருநாளன்று அவள் தனியாகத்தான் இருப்பாள்.

அது தெரிந்தே வா.

அப்பா